கிளச் பெடல் ஏன் பாரமாயிற்று?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகையும் கையுமாக விறாந்தையில் அமர்ந்திருந்தேன். படலையைத் திறந்துகொண்டு என் மனைவியின் தம்பி வந்தார். இடது காலைச் சற்றே இழுத்து இழுத்து நடந்தார். அவர் யாழ்ப்பாணத்திலே பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுபவர். எம்மவர் ‘டொல்பின்’ என்று செல்லமாக அழைக்கும் பழைய ஹையேஸ் வான் அது. காலையில் பதினான்கு பிள்ளைகள், மதியம் அதே பதினான்கு பிள்ளைகள். அவர் குடும்பத்தின் சீவனம் முழுவதும் அந்த வானிலேதான்.

“அத்தான், முழங்கால் ஏலாமல் போச்சுது. வானை வித்துப்போட்டு வேற ஏதும் பாப்பம் எண்டு இவ சொல்லுறா” என்றார்.

“வைத்தியரிடம் காட்டினீரோ?”

“காட்டினனான். எலும்பிலை ஒண்டுமில்லையாம். ஒரு நாளைக்கு எத்தினை தரம் கிளச் மிதிக்கிறனீர் எண்டு கேட்டார்.”

அந்த வைத்தியரின் கேள்வியிலேதான் விஷயம் இருந்தது. மெல்ல விசாரித்ததில் முழுக் கதையும் வெளிவந்தது. சென்ற விடுமுறையில் உறவினர் கூட்டமொன்றை நுவரெலியாவுக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார். இறம்பொடை ஏற்றத்திலே இயந்திரம் இரைந்ததேயன்றி வான் ஏறவில்லை. எரிந்த மணமும் எழுந்தது. கிளச் வழுக்கிவிட்டது. ஊர் திரும்பியதும், இனி ஒருபோதும் அப்படி நேரக்கூடாது என்ற வைராக்கியத்தோடு, வாகனக் கம்பனியின் பாகத்தை விட்டு, வெளிச்சந்தையில் ‘கூடிய பாரம் தாங்கும்’ என விற்கப்படும் கிளச் ஒன்றை வாங்கிப் பூட்டுவித்தார். பழையதிலும் முப்பது சதவீதம் வலிமை கூடியது என்பது கடைக்காரரின் வாக்கு. வான் இப்போது எந்தச் சுமையையும் இழுக்கிறது. ஆனால் பெடலை மிதிப்பது ஆட்டுக்கல்லை உருட்டுவது போலாகிவிட்டது. அத்துடன், கால் எடுக்கும்போது பெடல் ஏறக்குறைய மேல்முட்ட வந்த பிறகுதான் கிளச் பிடிக்கிறதாம்.

இதற்கு அயலவர் ஒருவர் சொன்ன யோசனைப்படி, பெடலுக்குப் பின்னாலுள்ள தள்ளுகோலின் நட்டைத் தாமே முறுக்கிப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் நண்பகல் வெயிலில், திருநெல்வேலிச் சந்திக்கு அப்பால் வான் மீண்டும் வழுக்கிப் புகை மணத்தது. பிள்ளைகள் பதினான்கு பேரும் ஒரு மதிலோர நிழலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். இரண்டு தாய்மார் வேறு வான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். முழங்காலை விட அதுதான் அவரை வருத்தியது என்று எனக்குப் பட்டது.

நான் கராஜ் வைத்திருப்பவன் அல்லன். இந்துக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் நெம்பும் பாசுக்கல் தத்துவமும் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேனே, உயிருள்ள உதாரணம் ஒன்று படலை திறந்து வரும்போது விடலாமா?

கிளச் என்பது என்ன? இயந்திரத்தோடு சேர்ந்து ஓயாது சுழலும் பறப்புச் சில்லு ஒருபுறம். மறுபுறம் அதனோடு பூட்டப்பட்ட அமுக்குத் தட்டு. கராஜில் இதனைப் பிரஷர் பிளேற் என்பர். இவ்விரண்டுக்கும் நடுவே, கியர்ப்பெட்டிக்குச் சேர்ந்த கிளச் பிளேற் அப்பளம் போல அகப்பட்டு நிற்கிறது. அமுக்குத் தட்டின் வில் அதனை இறுக நெரிக்கின்றது. அந்த நெரிப்பினால் உண்டாகும் உராய்வே இயந்திரத்தின் முறுக்கத்தைச் சில்லுகளுக்குக் கொண்டு செல்கிறது. நாம் பெடலை மிதிக்கும்போது அந்த வில்லோடுதான் மல்லுக்கு நிற்கிறோம். கால் எடுத்ததும் வில் வெல்லும்; வான் நகரும்.

ஆகவே, கிளச்சின் வலிமை மூன்றைப் பொறுத்தது: உராய்வுக் குணகம், தட்டின் ஆரை, வில்லின் விசை. அதே கூட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் ஆரையைப் பெரிதும் கூட்ட இயலாது. உராய்வுப் பொருளை மாற்றலாம்; ஆனால் சிலவகைப் பொருள்கள் வெடுக்கெனப் பிடித்து வண்டியை உலுக்கும். எனவே, பாகம் செய்வோர் பெரும்பாலும் கை வைப்பது வில்லிலேதான். வில் முப்பது சதவீதம் கூடினால், மற்றவையெல்லாம் மாறாதவிடத்து, காலின் உழைப்பும் ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடும்.

ஆனால் மைத்துனரின் முகத்தைப் பார்த்தபோது அது வெறும் முப்பது சதவீதத்து நோவாகத் தோன்றவில்லை. அளந்து பார்ப்போம் என்றேன். வீட்டிலே உடல்நிறை பார்க்கும் தராசு இருந்தது. பெடலுக்கும் தராசுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை வைத்து, தராசின் மேல் பாதத்தை ஊன்றி மெல்ல அழுத்தினேன். பதினொன்றாம் ஆண்டிற் படிக்கும் என் மகள் குனிந்து எண்ணைப் படித்தாள். 27 கிலோகிராம்! ஒழுங்கையின் முனையில், அதே வகை வான் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் பெடலையும் அளந்தோம். 14. ஏறக்குறைய இரட்டிப்பு. கடைக்காரர் சொன்ன கணக்குப்படி 18 அல்லது 19தானே வந்திருக்க வேண்டும்? மிச்சப் பாரம் எங்கிருந்து வந்தது?

இங்கே பெடலுக்கும் கிளச்சுக்கும் இடையிலுள்ள வழியைச் சொல்ல வேண்டும். இந்த வானில் கம்பியோ சங்கிலியோ இல்லை. பெடல் ஒரு தள்ளுகோலைத் தள்ளுகிறது. அது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஆடுதண்டை அழுத்துகிறது. அங்கிருந்து பிரேக் ஒயில் குழாய்வழியே சென்று, கியர்ப்பெட்டியின் பக்கத்திலுள்ள சிலேவ் சிலிண்டரின் ஆடுதண்டைத் தள்ளுகிறது. திரவத்தில் அமுக்கம் எங்கும் ஒன்றே. விசையோ பரப்பைப் பொறுத்தது. மேலே சிறிய உருளையும் கீழே பெரிய உருளையுமாக இருந்தால் சிறு விசை பெரு விசையாகும். மாணவர்கள் இதனைப் பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்து, மறுநாள் மறந்துவிடுவர்.

“கிளச் பூட்டின அண்டைக்கு வேறு ஏதும் மாற்றினார்களோ?” என்று கேட்டேன்.

“மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினது எண்டு அதையும் புதுசாப் போட்டவை. பழசு சீற்றுக்குக் கீழை கிடக்கு.”

எண்ணெய்த் துணியிற் சுற்றிக் கிடந்த அந்தப் பழைய உருளையை எடுத்துத் துடைத்தோம். வார்ப்பிலேயே 5/8 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அங்குலக் கணக்கில் உட்புற விட்டம் அது. டோர்ச் விளக்கைப் பிடித்து வானில் இருந்த புதியதைப் பார்த்தோம். 3/4.

வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பூட்டும் துளைகளும் ஒன்றே, குழாயின் புரியும் ஒன்றே. வேறுபாடு எட்டிலொரு அங்குலம்தான். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5/8இன் வர்க்கம் 25/64. 3/4 என்பது 6/8. அதன் வர்க்கம் 36/64. ஆகவே 25 இருந்த இடத்தில் 36 வந்து குந்தியிருக்கிறது. பெடலின் பாரம் 1.44 மடங்கு. வில்லினால் வந்த 1.3 மடங்கோடு இதனைப் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது. பெருக்கினால் 1.87. பதினான்கை அதனாற் பெருக்கினால் 26 கிலோகிராமுக்குச் சற்று மேல். தராசு காட்டிய 27க்கும் இதற்கும் உள்ள சிறு வித்தியாசம், எண்ணெய் காணாத பெடல் அச்சின் உராய்வாக இருக்கலாம்.

கிளச் மேலே வந்துதான் பிடித்ததற்கும் இதுவே காரணம். பெரிய உருளை, பெடல் சிறிது இறங்கியதுமே நிறைய எண்ணெயைத் தள்ளிவிடும். பெடலின் முதற் பாதியிலேயே கிளச் முற்றாகப் பிரிந்துவிடும்; மீதித் தூரம் வில்லை வீணே வளைப்பதற்குத்தான்.

எந்தக் கராஜ் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துளைகள் பொருந்தினால் பாகம் பொருந்தியது என்று நினைப்பது மனித இயல்பு.

மாலைக்குள் 5/8 அளவில் புதியதொரு மாஸ்டர் சிலிண்டர் வாங்கி வந்து, எங்கள் வளவிலேயே, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு மாற்றினோம். மகள் பெடலை மிதித்து மிதித்துப் பிடிக்க, அவர் கீழே படுத்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். காற்று சிறிதளவு எஞ்சினாலும் பெடல் பஞ்சு போலாகும். கிளச் சரியாகப் பிரியாது. இதற்கு ஊற்ற வேண்டியது பிரேக் ஒயில் மட்டுமே. என்ஜின் ஒயிலை ஊற்றினால் உள்ளேயுள்ள இறப்பர் ஊதிப்போகும். பெடல் அச்சுக்கும் சிறிது கிறீஸ் இட்டார்.

பின்பு தள்ளுகோலின் பக்கம் சென்றோம். மைத்துனர் முறுக்கிய அந்த நட்டிலேதான் திருநெல்வேலிச் சந்திச் சம்பவத்தின் வேர் இருந்தது. பெடலைக் கையால் அழுத்தினால் முதலிற் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்க வேண்டும். பல ஜப்பானிய வாகனங்களின் கைந்நூல்களில் இந்தச் சும்மா அசைவு 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை எனக் குறிக்கப்பட்டிருக்கும். அவரவர் தம் வாகனத்தின் நூலையே நம்ப வேண்டும். கால் எடுத்ததும் ஆடுதண்டு முற்றாகப் பின்வாங்கினால்தான் எண்ணெய் மேலேயுள்ள பாத்திரத்துக்குத் திரும்பும் வழி திறக்கும். மைத்துனர் கோலை நீட்டி அந்த அசைவை இல்லாமற் செய்துவிட்டார். வழி அடைபட்டது. வெயிலில் எண்ணெய் சூடேறி விரிந்தது. போக்கிடமின்றி அமுக்கமேறி, யாரும் மிதிக்காமலே கிளச்சைப் பாதி மிதித்தது. எத்தனை வலிய வில்லைப் பூட்டினாலும் இந்தப் பிழைக்கு முன்னால் அது வழுக்கத்தான் செய்யும். மகளின் அடிமட்டத்தைப் பெடலோரம் பிடித்து, 10 மில்லிமீற்றர் அசைவு வரும்படி கோலைத் திருத்திப் பூட்டு நட்டை இறுக்கினோம்.

மீண்டும் தராசு. மகள் குனிந்தாள். 19க்குச் சற்றுக் குறைவு.

மைத்துனர் ஏறி நாலைந்து முறை மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனேயே ஆசையும் வந்தது.

“அப்ப, இதிலும் சின்னதாப் போட்டா இன்னும் லேசாகுமே, அத்தான்?”

“ஆகும். ஆனால் றிவேர்ஸ் கியர் கறகறவென்று அழும்” என்றேன்.

விசையில் நாம் மீதப்படுத்துவதைத் தூரத்தில் இழக்கிறோம். சிறிய உருளை குறைந்தளவு எண்ணெயையே தள்ளும். கீழேயுள்ள ஆடுதண்டு குறைந்த தூரமே நகரும். ஓர் எல்லைக்கு அப்பால், பெடல் தரையைத் தொட்ட பின்பும் தட்டுகள் முற்றாகப் பிரியா. அப்போது கியர் விழாது. விழுந்தால் பற்கள் தேயும். கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல்லும் வைத்து, முதலாம் கியரில் பெடலை மெல்ல விட்டுப் பார்த்தோம். தரையிலிருந்து நான்கு விரற்கடை எழுந்தபோது வான் முன்னே உந்தியது. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்றேன்.

உண்மையில், அந்தப் பாரக் கிளச்சே அவருக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இறம்பொடையில் வழுக்கியது ஆறு ஆண்டு உழைத்துத் தேய்ந்த தட்டு. தேய்ந்த செருப்பு வழுக்கியதற்காக இரும்புச் செருப்பு வாங்கிய கதை இது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் பதினான்கு பிள்ளைகளுக்குச் சாதாரணக் கிளச் தாராளம். ஆனால் செலவழித்த காசு அவருடையது. அடுத்தமுறை பார்ப்போம் என்கிறார்.

முழங்கால் நோ முற்றாக நீங்கிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், அது உண்மையன்று. இன்னும் மாலையில் எண்ணெய் பூசுகிறார். ஆனால் நொண்டல் இல்லை. கோண்டாவில் ரயில் கடவையில் காத்து நிற்கும்போது பெடலை மிதித்தபடி இராமல், கியரை நியூற்றலில் விட்டுக் காலை எடுக்கப் பழகிவிட்டார். வானை விற்கும் பேச்சு ஓய்ந்திருக்கிறது. போன தாய்மாரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

கழற்றிய இரண்டு உருளைகளையும் நான் கேட்டு வாங்கி வந்து ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறேன். பாசுக்கல் பாடம் அடுத்த தவணையில் வருகிறது. இரண்டையும் மேசையில் வைத்து, எதனைப் பூட்டினால் கால் நோகும் என்று கேட்கப் போகிறேன். பெரியதைப் பூட்டினால் சுகம் என்றுதான் வகுப்பில் பாதிப்பேர் கை உயர்த்துவார்கள்.