நாற்காலியும் பாட்டரியும்

கணியம்பாடிக்கு அண்டையிலுள்ள பாகாயத்தில் 1966-ம் வருஷம் புனர்வாழ்வு நிலையமொன்று தோன்றக் காரணமாயிருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் மோட்டார் விபத்தினால் கால்களின் சக்தியை இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே சத்திர சிகிச்சை செய்த மாது அவர். இன்று முதுகுத்தண்டு பழுதுபட்டோருக்குச் சர்க்கார் பாட்டரி நாற்காலி வழங்குவதை மனமார வரவேற்கிறோம். ஆனால் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததா? பாட்டரி ஓய்ந்தால் அமர்ந்திருப்பவர் வீட்டுக்குள்ளேயே கைதியன்றோ!

ஈயப் பாட்டரியை உபயோகித்த அன்றே முழுவதும் சார்ஜ் செய்தல் வேண்டும். வெறுமையாய்க் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுச் சக்தி குன்றிவிடும். சார்ஜ் ஏறுகையில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும். ஆகையால் அடுப்பும் விளக்கும் அருகிலின்றிக் காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. லித்தியம் பாட்டரிக்கு அதற்குரிய சார்ஜரையே உபயோகிக்க வேண்டும். உப்பியதை உடனே நீக்க வேண்டும்.

இவ்விஷயங்களை ஆங்கிலப் புஸ்தகத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் கிராமவாசிக்கு யாது பிரயோஜனம்? ஊனமுற்றோர் சுயமாய் நடமாடத் திட்டம் வகுப்பது சர்க்காரின் கடமையென 2016-ம் வருஷத்து உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு விதிக்கிறது. நாற்காலிதோறும் தமிழில் குறிப்பும், வட்டாரந்தோறும் பழுது பார்ப்பவரும், காலத்தில் மாற்றுப் பாட்டரியும் அளிக்குமாறு வற்புறுத்துகிறோம். இது தர்மமன்று, பாத்தியதை.