திரையில் இதயப் பாடம்

மாரடைப்பு நாற்பது வயதில் வந்தாலும், அதன் வேர் பள்ளிப் பருவத்திலேயே ஊன்றிவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1972-இல் தொடங்கிய போகலூசா ஆய்வு, சிறார்களின் ரத்தக் குழாய்களிலேயே கொழுப்புப் படிவு தொடங்கிவிடுவதைக் காட்டியது.

அப்படியானால், இதய நலப் பாடமும் பள்ளியிலேயே தொடங்க வேண்டும். அதற்குத் தமிழக அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. இவையே போதும். ஆனால், 'உப்பைக் குறை' என்று அனிமேஷன் படம் ஓட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிப்ஸ் பாக்கெட்டிலோ உப்பின் அளவு இருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எளிய கணக்கு. இதையல்லவா திரை சொல்லித்தர வேண்டும்!

பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்பதும் அதே நிறுவனத்தின் பரிந்துரை. நம் பள்ளிகளில் பி.இ.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. காணொளிகளை அனுப்பும் கல்வித் துறை, பத்தாம் வகுப்பானாலும் விளையாட்டு நேரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்ற உத்தரவையும் சேர்த்தே அனுப்பட்டும்.