மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் குறுக்குத்துறைப் படிக்கட்டில் நின்றிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். கறுப்பு வேட்டி, நீல வேட்டி, ஈரத்துண்டு, கழுத்தில் புதுத் துளசி மாலை. அவர்களில் சிலர் முந்தின இரவு வரை மதுக்கடை வாசலில் நின்றவர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். மண்டல விரதம் முடிகிற வரை, 41 நாட்கள், அவர்கள் ஒரு சொட்டும் தொடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் பலர் பழைய இடத்தில் நிற்கிறார்கள். 'நாப்பத்தோரு நாளு சாமி, மறுநாளு ஆசாமி' என்று தெருவில் கேலி பேசுவார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்ட விரதமிருப்பவர்களைப் பற்றியும் இதே கேலி உண்டு.

நாங்களும் சிரித்தவர்கள்தாம். மறுநாள் ஏன் குடித்தான் என்று கேட்கிறோமே தவிர, 41 நாள் எப்படிக் குடிக்காமல் இருந்தான் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. யோசித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அவன் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனான். அதே தெரு, அதே சனிக்கிழமைக் கூலி, அதே கடை வழியாகத்தான் வீடு. ஆயினும் விடியலில் ஆற்றுக் குளியல் இருந்தது. குடிக்கத் தோன்றும் அந்திப் பொழுதில் பஜனை இருந்தது. கண்டிக்கவும் தேற்றவும் ஒரு குருசாமி இருந்தார். உடன் பத்துப் பேர் அதே விரதத்தில் இருந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே நோன்பு காத்தார்கள். ஊர் அவனைச் 'சாமி' என்று அழைத்தது; நெடுநாளாக அவனை யாரும் மரியாதையாக அழைத்திருக்க மாட்டார்கள். இவை அத்தனையும் 42ஆம் நாள் ஒரே மூச்சில் பறிபோகின்றன. மீதமிருப்பது அந்தியும் கடையும்.

மேலைநாட்டு மருத்துவத்தில் 'தீவிரப் புறநோயாளிச் சிகிச்சை' என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவுப்படி வாரத்துக்கு 9 முதல் 19 மணி நேரம் வரை நோயாளி சிகிச்சை மையத்துக்கு வந்து போகிறார். குழுவாக அமர்ந்து பேசுவது, தனியாக ஆலோசகரைப் பார்ப்பது, குடும்பத்தாரோடு சேர்ந்து உட்காருவது, மருந்து, பரிசோதனை எல்லாம் உண்டு. இரவு தன் வீட்டில்தான் உறங்குகிறார். பெரும்பாலும் வேலையையும் விடுவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ இப்படிப் போனபின் மணி நேரத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். நம்மூர் விரதத்தோடு இது வேறுபடும் முக்கியமான இடம் அந்தக் கடைசிப் படிதான்: ஒரே நாளில் மாலையைக் கழற்றுவதில்லை. 2014இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, பெரும்பாலானவர்களுக்கு இம்முறை உள்நோயாளிச் சிகிச்சைக்கு இணையான பலனையே தருகிறது என்று மதிப்பிட்டது.

இதை இங்கே பேசக் காரணம் எங்கள் நண்பர் ஒருவர். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், சிற்றிதழ் வாசகர். சில ஆண்டுகளுக்கு முன்பு குடும்பத்தார் கடன் வாங்கி அவரை வெளிமாவட்டத்து மறுவாழ்வு மையம் ஒன்றில் ஒரு மாதம் சேர்த்தார்கள். உடம்பு தேறி, முகம் தெளிந்து வந்தார். பதினோராம் நாள் குடித்தார். 'அத்தனையும் தண்டச் செலவு' என்று வீடு முடிவு கட்டியது. பிறகொரு நாள் அவரே சொன்னார்: "அங்க குடிக்காம இருக்கது லேசுல்லா. அங்க கடை கிடையாது, கூலி கிடையாது, மச்சினன் கிடையாது."

அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் எங்களுக்குச் சில விஷயங்கள் புரியத் தொடங்கின. கடையும் கூலியும் மச்சினனும் இல்லாத இடத்தில் ஒருவர் கற்றுக்கொள்வதை, அவை மூன்றும் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எளிதன்று. பின்னாளில் அவர் மனைவியோடு மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குத் தவறாமல் போகத் தொடங்கினார். குடியை விட்டவர்கள் கூடும் மாலைக் கூட்டத்துக்கும் போனார். அங்கே பேசப்பட்டவை பெரிய தத்துவங்கள் அல்ல. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வேறு எந்தத் தெரு வழியாக வரலாம். சனிக்கிழமைக் கூலியை யார் போய் வாங்குவது. கல்யாண வீட்டில் எத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவது. மூன்றாம் மாதம் ஒருமுறை தவறினார். மறுநாளே போய்ச் சொன்னார். ஆலோசகர் திட்டவில்லை, முதல் தம்ளரைத் தொடுவதற்கு எத்தனை நேரத்துக்கு முன்பே அதை முடிவு செய்தீர்கள் என்று கேட்டாராம். எண்ணிப் பார்த்தால், மாலையில் குடித்ததற்கான முடிவு நண்பகலில், வேலையிடத்துச் சண்டையின்போதே எடுக்கப்பட்டிருந்தது. அந்த ஆறு மணி நேரம் யாரிடமாவது பேசப்பட்டிருக்க வேண்டிய நேரம். நான்கு சுவர்களுக்குள் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கணக்கு அவருக்குக் கிடைத்திருக்கவே கிடைக்காது.

உள்நோயாளிச் சிகிச்சையே வேண்டாம் என்று நாங்கள் வாதிடவில்லை. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கி இல்லாதவற்றைக் கண்டு பேசலாம், உயிரே போகலாம். விரதத்தின் மூன்றாம் நாள் கைநடுங்கிப் பிதற்றுகிறவனுக்குத் திருநீறு பூசிக் காத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. அவனுக்கு அப்போது தேவை மருத்துவமனைக் கட்டில். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தால் போதும் என்று விற்கப்படும் மருந்துகளும் அப்படியே ஆபத்தானவை. டைசல்பிராம் என்ற மாத்திரையை உட்கொண்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். அதை அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது துணை. அறியாதவருக்கு அது நஞ்சு. நம் வாதம் அந்த முதல் வாரத்துக்குப் பிறகான ஓராண்டைப் பற்றியது.

2019இல் மத்திய சமூகநீதித் துறை வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையாகிவிட்ட 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்ணின் வருமானத்தில் ஓடும் வீட்டில், கணவனை ஒரு மாதம் எங்கோ அனுப்பிவைக்க யாரால் முடியும்?

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டுபோன முயற்சி அது. பதினைந்து நாள் முகாம், குடும்பத்தாருக்கும் பங்கு, முகாம் முடிந்த பின்னும் தொடரும் சந்திப்புகள். கோவாவில் இன்னும் எளிய சோதனை ஒன்று நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை பேசினார்கள். முற்றிய அடிமைகளைப் பற்றிய சோதனை அல்ல அது. அதற்கு முந்தின படியில் நின்றவர்களைப் பற்றியது. 2017இல் வெளியான முடிவின்படி, பேச்சு கிடைத்தவர்களில் 36 விழுக்காட்டினர் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள், கிடைக்காதவர்களில் 26. பெரிய அற்புதமில்லை. ஆனால் நூற்றுக்குப் பத்துக் குடும்பம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். ஐகிரவுண்டில் 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிச் சீட்டு பெரும்பாலும் காலை நேரத்துக்கானது. அரசு மதுக்கடையோ 2016 முதல் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை நடப்பது. ஒன்று அடைக்கும் நேரத்தில் மற்றொன்று திறக்கிறது! பாபநாசத்திலிருந்து பேருந்தேறி, சுலோச்சன முதலியார் பாலம் கடந்து பாளையங்கோட்டைக்கு ஒருவர் வந்து சேர ஒரு நாள் கூலி போய்விடும். வாரம் மூன்று முறை என்றால் நடக்கிற காரியமா? அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ ஒரு பள்ளிக்கூட அறை, மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, வாரத்தில் மூன்று நாள், பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர், மாதம் இருமுறை மனநல மருத்துவர், திரும்பிப்போகக் கடைசிப் பேருந்து. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் திட்டத்தை 2021இல் தொடங்க முடிந்த மாநிலத்துக்கு இது ஆகாத காரியம் இல்லை. மது விற்ற பணத்தில் ஒரு துளி போதும் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

இலக்கியக்காரர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 'நாளை மற்றுமொரு நாளே' எழுதிய ஜி. நாகராஜன் 1981இல் மதுரையில் இறந்தபோது அவருக்கு வயது 51. அவருடைய கடைசி ஆண்டுகளின் சீரழிவை, அவர் எழுதிய இன்னொரு நாவலைப்போல நாம் ரசித்துப் பேசி வந்திருக்கிறோம். எழுத முடியாமல் போன பக்கங்களைப் பற்றி எவரும் பேசியதாக நினைவில்லை. கூட்டம் முடிந்ததும் ஜங்ஷன் பக்கத்து விடுதி அறையில் 'இரண்டாம் அமர்வு' என்று நாங்களே பெயர் வைத்துச் சிரித்த இரவுகள் உண்டு. நண்பர் மையத்திலிருந்து திரும்பிய பதினோராம் நாள், அப்படியோர் அமர்வின் நாள். அழைத்தவர்கள் நாங்கள்தாம்.

அவர் குடித்து இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கடந்த கூட்டத்துக்கு வந்திருந்தார். வண்ணதாசன் கதைகளைப் பற்றி அரைமணி நேரம் நன்றாகப் பேசினார். ஆறரை மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேநீரைக்கூட முடிக்காமல், அம்பைப் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றியிருக்கிறோம். மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.