நெரிசலில் இடிப்பது நாயா?

நியூயார்க் சுரங்க ரயிலில், மாலைக் கூட்டத்தில், பார்வையற்ற ஒருவரின் வழிகாட்டி நாயான லேப்ரடார் தன் காலருகே படுத்திருந்ததைக் கண்டு கட்டுரையாளர் ஒருவர் அறச்சீற்றம் பொங்கி, நெரிசல் நேர ரயிலில் இந்த நாய்கள் கூடாது என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். அது கடிக்கவில்லை, குரைக்கவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு எதற்கு ஆறு பக்கம்? பொறுமையாகப் படித்துப் போனால், 'இவர்கள் சாவகாசமாக மதியத்தில் பயணம் செய்யலாமே' என்றொரு வரி அடைப்புக்குறிக்குள் பதுங்கியிருக்கிறது. சாயம் அங்கேயே வெளுத்துவிட்டது. ஐந்து மணிக்கு வேலை முடிகிறவர் ஐந்து மணிக்குத்தான் ரயிலேறுவார், கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

முதல் பக்கத்தில், நெரிசலில் நாய் மிரண்டு பாயும், மக்களுக்கு ஆபத்து என்கிறார். மூன்றாம் பக்கத்தில் ஜீவகாருண்யம் சுரந்து, மிதிபடும் அந்த வாயில்லா ஜீவனுக்காகக் கண்ணீர் விடுகிறார். முதல் பக்கத்துப் புலி மூன்றாம் பக்கத்தில் எலியானது எந்த முனிவரின் வரத்தால்? நெரிசல் என்பது இந்த நாய்களுக்கு எதிர்பாராத விபத்தல்ல, பாடத்திட்டம். 1929இல் தொடங்கிய 'சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி, நியூஜெர்சியின் மாரிஸ்டவுனிலிருந்து நாய்களை மன்ஹாட்டனுக்கே கூட்டிவந்து பழக்குகிறது. அதற்கும் முந்தைய ஆண்டு, மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க, தன் நாய் 'பட்டி'யின் சேணத்தைப் பிடித்துக்கொண்டு நியூயார்க்கின் பரபரப்பான வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்து காட்டினார். அன்று தீர்ந்த சந்தேகம் ஏறக்குறைய நூறாண்டு கழித்து இவருக்கு முளைத்திருக்கிறது.

'நாய்க்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியுமா?' என்று மடக்கிவிட்டதாக நினைக்கிறார். தெரியாது. தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? வண்டிகளின் ஓசையைக் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவர் மனிதர். அந்த முடிவு தவறி, திரும்பும் கார் ஒன்று குறுக்கே வந்தால், 'முன்னே போ' என்ற கட்டளையை மீறி நின்றுவிடுவதுதான் நாயின் வேலை. புத்தியுள்ள கீழ்ப்படியாமை என்று பயிற்சியாளர்கள் இதைச் சொல்வார்கள். (இவர் கட்டுரையை வெளியிட்ட ஆசிரியருக்கும் அந்தப் பயிற்சி வாய்த்திருக்கலாம்.) வெள்ளைக் கோல் போதாதா என்பது அடுத்த அம்பு. கோல் தட்டினால்தான் தடை இருப்பது தெரியும். தலை மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை அது தட்டவே தட்டாது. கூட்டத்திலோ அதை நாலு பேர் மிதிப்பார்கள், ஐந்தாமவர் தடுக்கி விழுந்து திட்டுவார். கோலே போதும் என்பவருக்குப் போதட்டும். அதைத் தீர்மானிக்க இவர் யார்?

போலிச் சேவை நாய்களைத் தடுக்க அடையாள அட்டை வேண்டுமாம். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்படி எந்த அட்டையையும் கேட்பதில்லை. இணையத்தில் காசுக்கு விற்கும் சான்றிதழ்களுக்குச் சட்டமதிப்பும் இல்லை. ஆக, அட்டையை ஆட்டிக்காட்டுகிறவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்! ஊழியர்கள் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: இயலாமைக்காக இந்த நாய் தேவைப்படுகிறதா, எந்த வேலைக்குப் பழக்கப்பட்டது. 2018இல் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்த கதையையும் இழுக்கிறார். அந்த மயிலை விமானத்தில் ஏற்றவே இல்லை என்பதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டார். அது 'உணர்வு ஆதரவு' விலங்கு என்று சொல்லப்பட்டது. வந்தவர் முருகனே ஆனாலும் இந்தச் சட்டப்படி மயில் சேவை விலங்கு ஆகாது.

ஒவ்வாமை பற்றிய அவர் கவலைக்கு அடுத்த பெட்டிக்கு மாறினாலே போதும்.

கடைசியில் மரபு. 'நாய்க்கு நம் பண்பாட்டில் இடம் வாசலோடு சரி.' பைரவர் சன்னிதிப் பக்கமே போனதில்லை போலும். சொர்க்கத்தின் வாசலில் நின்று, நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்ற தருமபுத்திரர் எந்த ஊர் மரபு? சொர்க்கத்தில் நெரிசல் கிடையாதே என்று நம் கட்டுரையாளர் வாதிடலாம். நுழைவுத் தகுதியைப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

சட்டம் அனுமதிக்கும் அந்த இரண்டு கேள்விகளையும் அவர் கட்டுரையிடமே கேட்டுப் பார்த்தேன். தேவை என்னவென்று அதற்குத் தெரியவில்லை, எந்த வேலைக்கும் பழக்கப்பட்டதாகவும் தெரியவில்லை. விடாமல் குரைத்து, உரியவராலும் அடக்க முடியாததை வெளியேற்றலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது.