அறக்கோட்டமும் கஞ்சித் தொட்டியும்

சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும் இலக்கிய அன்பர்களுக்கு இரண்டு பெயர்கள் தவறாமல் நினைவுக்கு வரும். ஒன்று திரிகூடராசப்பக் கவிராயர். மற்றொன்று, தம் இறுதிக் காலத்தை அங்கே கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. நெல்லையில் அவரது இல்லத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசிய வட்டத்தொட்டியைப் பற்றி நாம் சலிக்காமல் எழுதி வந்திருக்கிறோம். தமிழ்நாட்டின் நினைவில் இன்னொரு தொட்டியும் உண்டு. அதன் பெயர் கஞ்சித் தொட்டி. அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

பேச வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், குற்றாலநாதர் கோயிலை ஒட்டிய தெருக்களிலும் தென்காசிக் கோயில் வாசலிலும் நாம் ஒவ்வொரு முறையும் கடந்து செல்லும் முதியவர்கள். அருவியில் நனைந்த உடம்போடும் பிரசாதப் பொட்டலத்தோடும் வரும் நம் முன்னே ஒரு கை நீளும். நாணயத்தைப் போட்டுவிட்டு நடக்கிறோம். "இவர்களுக்கெல்லாம் அரசாங்கம் ஓர் இல்லம் வைக்கக்கூடாதா?" என்று நம்மில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். எப்படிப்பட்ட இல்லம் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பொது இல்லம் என்பது நமக்குப் புதிய கருத்து அன்று. மணிமேகலையைப் படித்தவர்களுக்கு உலக அறவி நினைவிருக்கும். பசியால் வாடியோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோர் வந்து தங்கும் அம்பலம் அது. மணிமேகலை அமுதசுரபி ஏந்தி அங்கேதான் சென்றாள். பின்பு அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு வேண்டினாள். தமிழ்க் கற்பனை கண்ட மிக உயர்ந்த நிர்வாகச் சீர்திருத்தம் இதுவே என்பது நம் எண்ணம். வரலாற்றில் நடந்ததோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அறக்கோட்டங்கள் என்று தொடங்கியவை மெல்ல மெல்லச் சிறைக்கோட்டங்களாயின.

ஐதர் அலியின் படையெடுப்பையொட்டிச் சென்னையைப் பஞ்சம் வாட்டிய 1782இல் வடசென்னையில் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்ப்பதே அதன் முதல் பணி. பஞ்சம் ஓய்ந்த பின்னும் வீடு திரும்ப இயலாதவர்கள் இருந்தார்கள்: முதியவர்கள், ஊனமுற்றவர்கள், தீராத நோயாளிகள். சத்திரம் அவர்களுக்கான புகலிடமாக நிலைத்தது. அதை ஒட்டி எளியோருக்கான மருத்துவமனை வளர்ந்து, பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. ஆளுநரின் பெயர் சூட்டப்பட்ட பிறகும் ஊர் மக்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் நன்றியும் இருந்தது, இழிவும் இருந்தது. கஞ்சித் தொட்டிக்குப் போவது என்றால் வேறு போக்கிடம் இல்லை என்று பொருள். உயிரைக் காத்த ஓர் இடத்தின் பெயர் வசையாகவும் வழங்கியது ஏன்?

விடையின் ஒரு பகுதி இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1834இல் வந்த ஏழையர் சட்டம், அரசு இல்லங்களுக்கு ஒரு கொள்கையை வகுத்தது. இல்லத்தின் உள்ளே கிடைக்கும் வாழ்வு, வெளியே உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோம்பேறிகள் வந்து குவிந்துவிடுவார்கள். ஆகவே சீருடை, அளந்த உணவு, கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம். சோம்பேறியை விரட்டக் கட்டிய வேலி, நடக்க முடியாத கிழவியையும் சேர்த்தே வளைத்தது. அறுபது வயது கடந்த தம்பதியரைக் கட்டாயமாகப் பிரிக்கலாகாது என்ற திருத்தம் வர 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஐயம் கப்பலேறி இங்கும் வந்தது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877இல் நிவாரணப் பணியாளரின் நாள் படியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனால் உயிர்கள் போகும் என்று கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பின் விளைவாக அதே ஆண்டில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம். இங்கே கவனிக்கத்தக்கது அளவு மட்டுமன்று. கொடுப்பவன் கேட்ட முதல் கேள்வி "உனக்கு என்ன வேண்டும்?" என்பதன்று, "நீ உண்மையிலேயே ஏழைதானா?" என்பது. இந்த ஐயத்தின் மீது எழுப்பப்பட்ட எந்த இல்லமும் இல்லமாக இருக்க முடியாது.

ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் நமக்கு உரிமை இல்லை. நம் சத்திரங்கள் பெரும்பாலும் வழிப்போக்கருக்கு உரியவை; சில நாள் தங்கலாம், பிறகு நடையைக் கட்ட வேண்டும். பந்தியில் சாதியும் உட்கார்ந்திருந்தது. இனி நடக்கவே முடியாத ஒருவருக்கு அங்கே எவ்வளவு இடம் இருந்திருக்கும்? குடும்பமே பார்த்துக்கொள்ளும் என்பது நம் பழைய பெருமிதம். தென்காசிக்கு அண்டை மாவட்டமான விருதுநகரில், முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிர நீராட்டி உயிரை முடித்துவைக்கும் தலைக்கூத்தல் வழக்கம் 2010இல் வெளியுலகின் பார்வைக்கு வந்தபோது, அந்தப் பெருமிதத்தை நாம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தால் உடம்பு கூசுகிறது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது தொடங்கி, அதில் ஆதரவற்ற மூத்தோர் நூற்றைம்பது பேராவது தங்க வழி செய்யலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கையும் சேர்த்துக்கொண்டது பாராட்டத்தக்கது. குறை இரண்டு. செய்ய வேண்டும் என்னாமல் செய்யலாம் என்றது ஒன்று. அந்த இல்லத்தில் வாழப்போகிறவர்கள் அதன் நடத்தையைப் பற்றி என்ன சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பது குறித்து அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லாதது மற்றொன்று. முதலாவது குறையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதே பெரிய குறை என்கிறோம் நாம். நூற்றைம்பது பேருக்குச் சோறு போட்டு, நூற்றைம்பது பேரின் வாயையும் அடைத்துவைத்தால் அது வசதி கூடிய கஞ்சித் தொட்டிதான்.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் தென்காசியிலிருந்து சில கல் தொலைவில் உள்ள ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தம்மைக் கவனித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். அது முதியோர் இல்லம் அன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு. ஆயினும் நம் கேள்விக்கான விடை அங்கே இருக்கிறது. பிறர் தூக்கி உட்கார வைத்தால்தான் உட்கார முடியும் என்ற நிலையை அறிந்த ஒருவர், அந்த நிலையில் உள்ளவர்களுக்கான இடத்தை அமைத்தார். சாய்தளம் எங்கே வேண்டும், கதவு எவ்வளவு அகலம் வேண்டும், எந்தச் சொல் புண்படுத்தும் என்பதை அவருக்கு எந்தக் குழுவும் அறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விருதைவிட அந்த அனுபவ அதிகாரம் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே நாம் கோருவது எளியது. அரசு நடத்தினாலும் அறக்கட்டளை நடத்தினாலும், ஒவ்வொரு முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவிலும் அங்கே வாழ்பவர்கள் இடம்பெற வேண்டும். காலை உணவு எத்தனை மணிக்கு, விளக்கை எப்போது அணைப்பது, யார் பக்கத்தில் யார் படுப்பது என்பவற்றை அவர்களே முடிவு செய்யட்டும். வெளியாட்கள் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் உரிமையும் வேண்டும்.

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு கல்வெட்டுப் பாடல் விட்டுச் சென்றான். இக்கோயிலுக்கு என்றேனும் குறை நேர்ந்தால் அதை வந்து நீக்கிக் காப்பவர்கள் யாராயினும் அவர்களை வணங்குவதாகச் சொல்கிறான். கட்டுவதோடு வேலை முடியாது, காப்பவனே பெரியவன் என்று ஓர் அரசன் அறிந்திருந்தான். சிதைந்து நெடுங்காலம் கிடந்த கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தபோது அந்த வணக்கம் உரியவர்களைச் சென்றடைந்தது. கல்லுக்குக் கிடைத்த கவனம் மனிதருக்கும் கிடைக்க வேண்டாமா?

இலக்கிய அன்பர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. மாதந்தோறும் எங்கோ கூடிப் பேசுகிறோம். அந்தக் கூட்டத்தை அவரவர் ஊர் முதியோர் இல்லத்தில், அங்கே வாழ்பவர்களின் இசைவோடு வைத்துக்கொண்டால் என்ன? நம் கட்டுரைகளை அவர்கள் தலையில் கட்டுவதற்காக அன்று. அவர்களைப் பேசவிட்டுக் கேட்பதற்காக. கஞ்சித் தொட்டியாக இருக்கும் இடம் ஒரு மாலைப் பொழுதேனும் வட்டத்தொட்டியாகட்டும். கேட்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் சமையற்கட்டும் கொஞ்சம் திருந்தும்.