மலையின் உணவு மலையில் எங்கே?

நீர்நிலையைப் பார்த்தபடி அமர்ந்து உண்பதற்கு இன்று பெருஞ்செலவு செய்யவும் அணியமாயிருக்கிறோம். ஆயினும் நம் மலைத்தலங்கள் பலவற்றில் கண்ணுக்கு மட்டுமே அந்நிலம் கிடைக்கிறது. இலையில் விழுவது எந்தப் பேருந்து நிலையத்திலும் கிடைக்கும் பரோட்டாவும் ஃபிரைடு ரைசுமே. கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த கரியாலூரில், ஏரியும் படகுத்துறையும் உள்ளன. அந்நீரோரம் மலையின் உணவையே நேர்த்தியாகப் பரிமாறும் ஓர் உணவகம் வேண்டும் என்பது நம் கருத்து.

இது நமக்குப் புதிய சிந்தனை அன்று. தமிழ் இலக்கணம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக உணவையும் வைத்தது. குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும் தேனும் உரியன. செங்கண்மாவின் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், இம்மலைக்கு வடக்கே உள்ள செங்கம் பகுதியைச் சார்ந்த நூல். எவ்வழியில் எவர் எதைப் பகிர்ந்து உண்பிப்பர் என்று அது சொல்லிச் செல்கிறது. மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ் அவற்றுள் ஒன்று. உணவைச் சொல்லாமல் நிலத்தைச் சொல்ல அப்புலவர் எண்ணவில்லை.

'ஏழைகளின் கூழை உயர்ந்த உணவகத்தில் யார் கேட்பர்?' என்பது முதல் மறுப்பு. இதற்கு விடையாக வேல்ஸ் நாட்டைக் காட்டலாம். 2021 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வேல்ஸ் மொழி பேசுவோர் 17.8 விழுக்காட்டினரே, ஆங்கிலத்தின் நிழலில் அவர்தம் சமையலும் நெடுங்காலம் மதிப்பற்றுக் கிடந்தது. கடற்பாசியை நெடுநேரம் வேகவைத்துச் செய்யும் 'லேவர்பிரெட்' அங்கே சுரங்கத் தொழிலாளரின் காலையுணவு. ஆட்டிறைச்சியும் கிழங்கும் லீக்கும் இட்ட 'கவுல்' உழவர் வீட்டுச் சாறு. இன்றோ, 1926இல் கழிமுகக் கரையில் திறக்கப்பட்ட போர்ட்மேரியன் விடுதி போன்ற இடங்களில் வேல்ஸ் மண்ணின் விளைபொருள்கள் விருந்தாகப் பரிமாறப்படுகின்றன. 2017இல் லேவர்பிரெட்டுக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. பண்டம் மாறவில்லை, அதை உண்போர் பார்வையே மாறியது.

இரண்டாம் மறுப்பு இதனினும் வலியது. சாமையும் தினையும் நகரத்தாரின் உடல்நல உணவாகி விலையேறினால், விளைவித்தவர் இலையில் நியாயவிலைக் கடை அரிசி மட்டுமே மிஞ்சாதா? இந்த அச்சத்தைத் தள்ள இயலாது. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கூலியில்லா வெட்டி வேலை செய்த மக்கள் இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர். அவர்களுடைய உணவை அலங்காரப் பொருளாக்கி, ஆதாயத்தை மட்டும் கீழ்நாட்டார் கொண்டு செல்வது அந்தப் பழைய உறவின் தொடர்ச்சியே ஆகும்.

ஆகவே உணவகத்தைப் போலவே அதன் அமைப்பும் முக்கியம். சமைப்போரும் நடத்துவோரும் இம்மலைப் பெண்களாக இருத்தல் வேண்டும். கொள்முதல் விலை முன்கூட்டியே பேசி முடிக்கப்படவேண்டும். அரைவை இயந்திரம் அடுத்த தேவை. சாமையின் உமி நீக்குவது கடும் உழைப்பு. மரவள்ளி போன்ற பணப்பயிர்களின் முன் சிறுதானியம் பின்வாங்கியதற்கு அவ்வுழைப்பும் ஒரு காரணம். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அரைவை இயந்திரங்களைக் குழுக்களிடம் ஒப்படைத்துப் பெண்களின் சுமையைக் குறைத்தது. அதே வழி இங்கும் ஏற்கத்தக்கது.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின் கல்வராயன் மலைக்குச் சுற்றுலாத் திட்டங்கள் பேசப்படுகின்றன. சாலையும் விடுதியும் வரட்டும். வேண்டாம் என்போர் அல்லோம். அத்திட்டங்களில் சாமைச் சோற்றுக்கும் தேனுக்கும் ஓரிடம் உண்டா, அதைச் சமைத்தவருக்கு வருவாயில் எவ்வளவு பங்கு என்பதை மட்டும் வாசகரும் சேர்ந்து கேட்கவேண்டுகிறோம்.