கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?

பொட்டி தட்டுறவங்க வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியணும்னு இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுறேன். தொழில்காரர்கள் பொறுத்துக்கணும் :-)

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எதுவும் முழுக்கச் சொந்தச் சரக்கு இல்லை. கோப்பைச் சுருக்க ஒன்று, படத்தைத் திறக்க ஒன்று, எழுத்தை வரைய ஒன்று என்று மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகளை வாங்கிப்போட்டுத்தான் சமைக்கிறார்கள். அந்த லைப்ரரி நம் கணினியில் இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில், அதன் நகல் ஒன்றையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்புவது பழைய வழக்கம். முதல்முறை புனேவுக்கு ரயிலேறியபோது புளியும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு வந்தோமே, அதே கதைதான். இப்போது எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. ஆனாலும் அந்த டப்பா பரணில் இருக்கு. உள்ளே வண்டு விழுந்திருக்கா என்று யார் பார்த்தார்கள்?

2002 மார்ச்சில் இசட்-லிப் என்ற சுருக்கும் லைப்ரரியில் ஒரு பாதுகாப்புப் பிழை வெளியே வந்தது. திருத்தம் சின்னதுதான், 1.1.4 பதிப்பும் வந்துவிட்டது. ஆனால் அதை யார் யார் தங்கள் மென்பொருளுக்குள் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுவது பெரும்பாடாகிவிட்டது. 21 வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், லிப்-வெப்பி என்ற பட லைப்ரரியில் அதே படம் மறுபடி ஓடியது. குரோமும் ஃபயர்பாக்ஸும் உடனே திருத்திக்கொண்டன. எலக்ட்ரான் மேல் கட்டிய செயலிகளோ ஒவ்வொன்றும் குரோமியத்தையே வயிற்றுக்குள் சுமப்பவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப் பதிப்பு விட வேண்டியிருந்தது.

என் கட்சி இதுதான்: வயசுக்கு வந்த மென்பொருள் மூட்டையைப் பிரித்துவிட வேண்டும். இயங்குதளத்தில் இருக்கும் பொது லைப்ரரியையே பயன்படுத்த வேண்டும். டெபியன் இதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஃபெடோரா 2015-ல் கொஞ்சம் தளர்த்தியது, ஆனால் நகல் இருந்தால் அதைப் பொதியில் அறிவித்தாக வேண்டும் என்கிறது. நியாயமான ஏற்பாடு. எஸ்க்யூலைட் மாதிரி விதிவிலக்குகளும் உண்டு. முழு நிரலையும் ஒரே சி கோப்பாக்கி, உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியவர்களே தருகிறார்கள். அப்படியே வைத்திருந்தால் பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட ஒரு நிமிஷம். அந்த நகலுக்குள் ஆளாளுக்குக் கைவைத்து நாலு வரி மாற்றிவிட்டால்தான் போச்சு. பிறகு மேலே வரும் திருத்தம் எதுவும் அதில் ஒட்டாது. மாற்றியவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

"எல்லாரும் ஒரே லைப்ரரியை நம்பினால், அதில் யாராவது விஷம் வைத்தால்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. 2024-ல் எக்ஸ்-இசட் லைப்ரரியில் அதுதான் நடந்தது. ரொம்ப நாள் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பராமரிப்பாளர் பெயரிலேயே கள்ளக்கதவு உள்ளே வந்தது. எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆந்த்ரேஸ் ஃபிராயிண்ட் துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பொது லைப்ரரி என்பதால் ஒவ்வொரு இயங்குதளமும் ஒரே ஒரு பொதியைப் பின்வாங்கினால் போதுமாக இருந்தது. நூறு மூட்டைக்குள் இருந்திருந்தால்?

எனக்கு அதில் உறுத்தியது வேறொன்று. அந்தக் கள்ளத்தனத்தைத் தூண்டிவிடும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்குக் கட்டிய டார் கோப்பில், பில்டு ஸ்கிரிப்டுக்குள் ஒளிந்திருந்தன. அந்தப் பழைய கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் ஆயிரக்கணக்கான வரி, யாரும் படிப்பதில்லை. ஒளிய அதைவிட நல்ல இடம் ஏது?

அதனால் பில்டு முறையையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் போஸ்ட்கிரெஸ் செய்த மாதிரி நிதானமாக. 2023-ல் 16-ம் பதிப்பில் மேசானைச் சேர்த்தார்கள், 2024-ல் 17-ல் விண்டோஸுக்கான பழைய ஸ்கிரிப்டுகளை எடுத்தார்கள், கன்ஃபிகர்-மேக் வழியைக் கூடவே விட்டுவைத்தார்கள். (அந்த மேசான் வேலையில் முன்னால் நின்றவரும் இதே ஃபிராயிண்ட்தான்!) மூட்டையைப் பிரிப்பதையும் பில்டை மாற்றுவதையும் ஒரே வெளியீட்டில் செய்யவே கூடாது, உடைந்தால் எதனால் என்று தெரியாது. மேசானிலேயே ஒரு பொறி இருக்கிறது. பொது லைப்ரரி கிடைக்காவிட்டால், ஏற்பாடு செய்திருந்தால் அதுவே ஒரு நகலை இறக்கிக் கட்டிவிடும், பில்டும் பச்சையாக முடியும். மூட்டை பின்வாசல் வழியாகத் திரும்ப வந்திருக்கும். 'நோ-ஃபால்பேக்' போட்டுத்தான் கட்ட வேண்டும் என்று நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் கத்துவது இதற்காகத்தான்.

இந்த ஆணியைப் பிடுங்குபவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் அப்ரைசலில் இதற்கு ஒரு வரி கிடையாது. மூன்று மாதம் உட்கார்ந்து ஏழு நகல்களை நீக்கிய ஒரு பெண்ணிடம், "புது ஃபீச்சர் என்ன கொடுத்தே?" என்று ஒரு மேனேஜர் கேட்டதை நானே பார்த்தேன். அவள் இப்போது வேறு டீமில் இருக்கிறாள். எட்டாவது நகல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.